23 லிட்டர் ஒயின், பாட்டிலில் அடைக்க முடியாது: எப்படி வைத்துக் குடிப்பது?

மிசிசாகா மல்லிகை:

எல்லோருக்கும் வணக்கம். போன அக்டோபரில் நயாகரா பக்கத்து பாக்கோ நுவார் என்ற சிவப்பு ஒயின் திராட்சையின் சாறு ஒரு வாளி வாங்கினோம், 23 லிட்டர். பொங்கி அடங்கிய பிறகு இரண்டு தடவை மண்டி நீக்கி வேறு கார்பாய்க்கு, அதாவது கழுத்து குறுகிய பெரிய குடுவைக்கு, மாற்றினோம். ஆறு மாதமாகப் பேஸ்மென்ட்டில் நிற்கிறது. பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால் துளிக் கலங்கல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒரு வாய் ருசி பார்த்தோம். அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது. அதனால்தான் பயமாகவும் இருக்கிறது.

பயத்துக்குக் காரணம் முந்தின வருஷ அனுபவம். அப்போதும் பாட்டில் கழுவ அலுத்துப்போய், விருந்துகளில் எலுமிச்சை ஜூஸ் ஊற்றி வைப்போமே, அடியில் குழாய் வைத்த கண்ணாடி ஜாடி, அதில் பத்து லிட்டரை ஊற்றிச் சமையலறை மேடையில் வைத்துவிட்டேன். முதல் வாரம் அருமை. இரண்டாவது வாரம் குழாய் வாயில் சின்னச் சின்னப் பழ ஈக்கள். மூன்றாவது வாரம் மூடியைத் திறந்தால் நகப்பாலிஷ் வாசனை, மேலே வெள்ளையாக ஆடை மாதிரி ஒரு படலம். ஏறக்குறைய எட்டு லிட்டரை ஸிங்க்கில் ஊற்றினேன். திராட்சைக் கொத்து கொத்தாக என் கண்முன் ஓடுகிற மாதிரி இருந்தது.

இந்த வருஷம் பாட்டில் வேண்டாம் என்பதற்குச் சோம்பல் காரணம் இல்லை. என் கணவருக்குத் தோளில் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. கார்க் அடிக்கும் கைப்பிடியை அழுத்த அவரால் முடியாது. முப்பது பாட்டில் கழுவி, கார்க் அடித்து, படுக்க வைக்க ரேக் தேடி... என்னால் தனியாக ஆகாது.

வாரத்துக்கு எங்கள் இருவருக்கும் ஒரு லிட்டர் போகும். மாதம் ஒரு முறை நண்பர்கள் வந்தால் இன்னும் கொஞ்சம். கொழுந்தனார் தன் பழைய பியர் கெக் என்கிற எவர்சில்வர் பீப்பாயையும் கரியமில வாயு சிலிண்டரையும் தருகிறேன் என்கிறார். கார்பாயிலேயே ஒரு குழாய் பொருத்திவிட்டால் போதாதா என்று எனக்கு ஒரு யோசனை. எது சரி? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வடலி:

வணக்கம் தங்கச்சி. நான் ஸ்காபரோவில் இருக்கிறேன், 22 வருஷமாக வைன் போடுகிறேன். பக்கத்து வீட்டு இத்தாலியர்தான் எனக்குக் கற்றுத் தந்தவர். கலாப்ரியாவிலிருந்து வந்தவர். செப்டம்பர் முடிவில் அவருடைய கராஜில் கலிபோர்னியாத் திராட்சைப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருக்கும்.

கார்பாயில் குழாய் பொருத்தும் யோசனையை விட்டுவிடுங்கள். போன வருஷம் உங்கள் ஜாடியில் நடந்ததுதான் அதிலும் நடக்கும். நீங்கள் ஒரு கிளாஸ் வைன் எடுக்கும்போது அதே அளவு காற்று உள்ளே போகிறது. பத்து கிளாஸ் எடுத்தால் பத்து கிளாஸ் காற்று. வைனில் எப்போதும் கொஞ்சம் வினாகிரிக் கிருமி இருக்கும், காற்று இல்லாவிட்டால் அது சும்மா கிடக்கும். காற்றுக் கிடைத்த நாளிலிருந்து சாராயச் சத்தை அசிட்டிக் அமிலமாக மாற்றத் தொடங்கிவிடும். நகப்பாலிஷ் மணமும் அந்த வேலையில் பிறப்பதுதான். பழ ஈ தன் காலிலேயே அந்தக் கிருமியைக் காவிக்கொண்டு வரும், ஆகவே குழாய் வாயில் நீங்கள் பார்த்த ஈயும் குற்றவாளிதான். ஊரில் கள்ளை முட்டியிலேயே விட்டால் வினாகிரி ஆகிவிடும் அல்லவா, அதே சங்கதி. கள்ளுக்கு ஒரு நாள் போதும், வைன் மூன்று கிழமை தாங்கியது, அவ்வளவுதான்.

போத்தல் என்பது காற்றை வெளியே நிறுத்துவதற்கு ஒரு வழி. வேறு வழிகளும் உண்டு. எடுக்க எடுக்கச் சுருங்குகிற பாத்திரத்தில் வைக்கலாம். அல்லது எடுத்த இடத்தை வைனைக் கெடுக்காத வாயுவால் நிரப்பலாம். அல்லது வைனுக்கு மேலே ஒரு மூடி மிதக்க வேண்டும். நம் அம்மாமார் ஊறுகாய்ச் சாடியில் மேலே ஒரு விரல் கனத்துக்கு நல்லெண்ணெய் ஊற்றி வைப்பார்களே, அது இந்த மூன்றாவது வழிதான். பக்கத்து வீட்டுக்காரர் 54 லிட்டர் டெமிஜான் என்ற பெருங்குடுவையில் வைனுக்கென்றே விற்கிற வாசனையில்லாத பாரஃபின் எண்ணெயை ஊற்றி வைப்பார். டஸ்கனியில் வைக்கோல் சுற்றிய குடுவைகளின் கழுத்தில் ஒலிவ் எண்ணெய் ஊற்றி வைத்த காலமும் இருந்ததாம். அவர் இன்னொன்றும் வைத்திருக்கிறார், மூடி உள்ளேயே இறங்குகிற எவர்சில்வர் தொட்டி. விளிம்பில் சைக்கிள் ட்யூப் போல ஒரு வளையம், பம்ப் அடித்தால் உப்பிச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். இத்தாலியில் அதன் பெயருக்கு அர்த்தம் ‘எப்போதும் நிறைந்தது’. நல்ல சாமான், ஆனால் நூறு லிட்டர் போடுகிறவர்களுக்கு. கிழமைக்கு ஒரு லிட்டர் எடுக்கிறவர் அந்த மூடியை எத்தனை தரம் இறக்குவது?

உங்களுக்கு நான் சொல்வது பை. கடையில் அட்டைப் பெட்டிக்குள் வருகிற வைன் பை இருக்கிறதல்லவா, அதே பை வெறுமையாகவும் விற்கிறார்கள், வீட்டு வைன் சாமான் கடைகளில் கேளுங்கள். 3, 5, 10, 20 லிட்டரில் கிடைக்கும். வைன் வெளியே வரவர பை சுருங்கும், காற்றுக்கு உள்ளே இடமே இல்லை. 1965இல் தென் ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆங்கோவ் என்ற வைன்காரர் இதற்குக் காப்புரிமை எடுத்தார். அதற்கு முன்னரே அமெரிக்காவில் இந்த மாதிரிப் பையில் பேட்டரி அமிலம் கொண்டுபோனார்கள். ஆங்கோவின் முதல் பைக்குக் குழாயே கிடையாது. மூலையைக் கத்தரித்து ஊற்றிவிட்டு, கிளிப் போட்டு மூட வேண்டும். குழாய் இரண்டு வருஷம் கழித்துத்தான் வந்தது. அந்தக் குழாய் வந்த பிறகுதான் இது வீட்டுக்கு ஏற்ற சாமான் ஆனது என்பது என் எண்ணம்.

எந்த அளவுப் பை என்பதை உங்கள் வேகத்தை வைத்து முடிவெடுங்கள். திறந்த பையை ஆறு கிழமைக்குள் முடிப்பது நல்லது. நீங்கள் கிழமைக்கு ஒரு லிட்டர் என்கிறீர்கள், ஆகவே 5 லிட்டர்ப் பை அளவாக இருக்கும். 23 லிட்டரில் மண்டி போக 21, 21½ தேறும். நாலு பை, மிச்சம் இரண்டு போத்தல். அந்த இரண்டை முதல் கிழமையே குடித்துவிடுங்கள். 20 லிட்டர்ப் பை மலிவு என்று எடுத்துவிடாதீர்கள், அதை முடிக்க உங்களுக்கு ஐந்து மாதம் ஆகும்.

நிரப்பும் முன் ஒரு சோதனை அவசியம். அரைக் கிளாஸ் வைனை ஒரு சின்னப் போத்தலில் ஊற்றி, உள்ளங்கையால் வாயை மூடி நன்றாகக் குலுக்கிக் கையை எடுங்கள். ‘புஸ்’ என்று வந்தால் இன்னும் வாயு இருக்கிறது. கார்பாயை இரண்டு மூன்று நாள் சூடான அறையில் வைத்து, சுத்தமான நீளக் கரண்டியால் மேற்பரப்பு அலம்பாமல் மெதுவாகக் கிண்டி அந்த வாயுவை வெளியேற்றுங்கள். போத்தல் என்றால் சின்ன வாயுவைத் தாங்கிவிடும், பை ஊதிப்போகும்.

பிறகு வைனைக் கெடாமல் காக்கும் சல்பைட். 23 லிட்டருக்குப் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் கால் தேக்கரண்டி, சின்னத் தராசு இருந்தால் ஒன்றரை கிராம். கொஞ்சம் வைனில் கரைத்துச் சேருங்கள். போத்தலை விடப் பை கொஞ்சம் மூச்சு விடும், பிளாஸ்டிக் வழியாகவும் குழாய் வழியாகவும் ஒட்சிசன் மெல்ல மெல்லப் போகும். அதனால் பைக்கு சல்பைட் போடாமல் விட வேண்டாம். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் அந்தத் தூளைக் கரைக்கும்போது பக்கத்தில் நிற்க விடாதீர்கள்.

நிரப்புவது இப்படி. புதுப் பை உள்ளே சுத்தமாகத்தான் வரும், கழுவத் தேவையில்லை. பையைப் பெட்டிக்குள் வைத்து, கழுத்தை மேலே இழுத்து அட்டையின் ஓட்டையில் மாட்டுங்கள். பெட்டியோடு சமையல் தராசில் வைத்துப் பூச்சியம் ஆக்குங்கள். குழாயைக் கழற்ற ஒரு கரண்டிக் காம்பை விளிம்புக்குக் கீழே கொடுத்து நெம்பினால் ‘டக்’ என்று வரும். அதைச் சல்பைட் தண்ணீரில் போட்டு வையுங்கள், மேசையில் வைக்க வேண்டாம். சைஃபன் ட்யூபைப் பையின் அடி வரை விட்டு மெதுவாக நிரப்புங்கள். சளசளவென்று விழக்கூடாது. தராசு 5 கிலோ காட்டும்போது நிறுத்துங்கள், வைன் ஏறக்குறைய தண்ணீர் கனம்தான்.

அடுத்த வேலைதான் எல்லாவற்றையும் விட முக்கியம். ட்யூபை எடுத்ததும் பையின் தோள் பக்கத்தை இரண்டு கையாலும் மெல்ல அமுக்குங்கள். உள்ளே நிற்கிற காற்று கழுத்து வழியாக வரும், கடைசியில் நுரை வரும், பிறகு வைனே கழுத்து விளிம்பில் ஏறிப் பளபளவென்று நிற்கும். அந்த நேரத்தில், அமுக்கிய கையை எடுக்காமல், இன்னொருவர் குழாயை வைத்து அழுத்த வேண்டும். கொஞ்சம் வைன் வழியும், வழியட்டும். வழியாமல் மூடினால் காற்று உள்ளேதான் இருக்கிறது. உங்கள் கணவர் ஒற்றைக் கையால் குழாயை அழுத்தினாலே போதும், தோளுக்கு வேலை இல்லை.

பெட்டியில் திகதி எழுதுங்கள். குளிரான, இருட்டான இடம். திறக்காத பையை ஆறு மாதத்துக்கு மேல் வைக்க மாட்டேன். வருஷக்கணக்கில் வைத்துப் பதப்படுத்த ஆசை என்றால் அந்தப் பங்குக்குப் போத்தல்தான், அதற்கு மாற்று இல்லை.

ஒன்றை மறக்காமல் கேளுங்கள். வைனை இனிப்பாக்கும் எண்ணம் இருந்தால் சீனியோடு, ஈஸ்ட் மறுபடி பெருகாமல் தடுக்கும் பொட்டாசியம் சோர்பேட்டும் போட வேண்டும். ஒரு வருஷம் மனைவிக்குப் பிடிக்கும் என்று சீனி மட்டும் போட்டுப் பையில் அடைத்தேன். மிச்சமிருந்த ஈஸ்ட் விழித்துக்கொண்டது. இரண்டாம் கிழமை பை தலையணை போல் வீங்கி, குழாய் கசிந்து, பேஸ்மென்ட் கம்பளம் முழுதும் சிவப்பு. அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

கால்கரி கெக்:

வடலி அண்ணா பையைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார். கெக் பற்றிக் கேட்டீர்களே, அதற்கு நான்.

கெக் நல்ல வழி, ஆனால் கொழுந்தனாரின் கரியமில வாயுவோடு சிவப்பு ஒயினுக்குச் சரிவராது. அந்த வாயு ஒயினில் கரையும். குளிரில் இன்னும் அதிகமாகக் கரையும். ஒரு மாதத்தில் நாக்கில் சுருக்கென்று குத்தும் ஒயின் கிடைக்கும். வெள்ளை ஒயினுக்கு அந்தச் சுருக் ஓரளவு அழகு, பாக்கோ நுவாருக்கு அது கேடு. ஏற்கெனவே புளிப்பு தூக்கலான திராட்சை அது.

நைட்ரஜன் அல்லது ஆர்கான் வேண்டும். இரண்டும் ஒயினில் அதிகம் கரையாது. ஆனால் நைட்ரஜன் சிலிண்டரின் அழுத்தம் கரியமில வாயு சிலிண்டரைப்போல இரண்டு மூன்று மடங்கு, வால்வின் மரையும் வேறு. அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெகுலேட்டர் தனியாக வாங்க வேண்டும், பழையதை மாட்ட முயலக்கூடாது. ஒயினைக் குழாய்க்குத் தள்ள 1 முதல் 3 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) போதும். மூடி சரியாக உட்கார முதலில் ஒரு நிமிடம் 20, 30 கொடுத்து, பிறகு வால்வைத் தூக்கி அழுத்தத்தை இறக்கிவிடுவேன்.

அவர் தருவது பழைய சோடா கெக் என்றால் கொள்ளளவு ஏறத்தாழ 19 லிட்டர். பெப்சி, கோக் சிரப் கொண்டுபோன கெக்குகள்தான் அவை. ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் எல்லாவற்றையும் மாற்றுங்கள். எத்தனை கழுவினாலும் பழைய ரப்பரில் ரூட் பியர் என்ற சோடாவின் வாசனை போகாது, ஒயினில் வந்து நிற்கும். பியர் குழாயில் பித்தளை இருந்தால் அதையும் மாற்றி எவர்சில்வர் போடுங்கள், ஒயின் அமிலம் பித்தளையை அரிக்கும்.

நான் கெக்தான் வைத்திருக்கிறேன், எனக்கு அதன் மேல் பிரியம். நாலு மாதம் கழித்து எடுக்கும் கிளாஸும் முதல் கிளாஸ் மாதிரியே இருக்கும். ஆனால் இதற்கெல்லாம் ஆகிற காசில் உங்களுக்குப் பல வருஷத்துக்குப் பை வாங்கலாம். வாரம் ஒரு லிட்டருக்கு நானும் பையைத்தான் சொல்வேன்.

தேம்ஸ் கரை:

நான் இங்கிலாந்தில். இங்கே வீட்டு ஒயின்காரர்கள் பெரும்பாலும் 4.5 லிட்டர் டெமிஜானில் போடுவோம், பழைய ஒரு காலன். நான் எல்டர்பெர்ரி, ப்ளாக்பெர்ரி போடுகிறேன்.

எதையும் வாங்காமல் ஒரு வழி: பெரியதிலிருந்து சிறியதற்கு மாற்றுவது. 4.5 லிட்டரைத் திறந்த அன்றே மொத்தத்தையும் சின்னச் சின்னப் பாட்டில்களில் விளிம்பு வரை நிரப்பித் திருகு மூடி போட்டுவிடுவேன். ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் திறந்தால் மற்றவற்றுக்குக் காற்றே தெரியாது. அரை லிட்டர் சோடா பாட்டில்கள்கூடச் சரி. நிரம்பாமல் போனால் பக்கத்தை நசுக்கி ஒயின் வாய்க்கு ஏறியதும் மூடுவேன். பிளாஸ்டிக்கில் ஓரிரு வாரம்தான், அதற்கு மேல் நம்பமாட்டேன்.

கடைப் பெட்டி ஒயின் குடித்து முடித்த பையையும் மறுபடி நிரப்பியிருக்கிறேன். சுடுதண்ணீர் ஊற்றக்கூடாது, பை சுருங்கிவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், பிறகு சல்பைட் தண்ணீர், தலைகீழாக வடிகட்டல். இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். மடிப்பு விழுந்த இடத்தில் ஊசி முனை அளவு ஓட்டை வந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஒயின்தான் காட்டிக்கொடுக்கும்.

மிசிசாகா மல்லிகை:

மூன்று பேருக்கும் மனசார நன்றி. பைதான் என்று முடிவு செய்துவிட்டோம். கொழுந்தனாரிடமும் பக்குவமாகச் சொல்லிவிட்டேன்.

வடலி அண்ணா, இரண்டு சந்தேகம். விருந்தாளி வரும்போது பெட்டியை அப்படியே மேசையில் வைப்பதா? அப்புறம் திறந்த பை ஃபிரிட்ஜிலா, வெளியிலா?

வடலி:

திறந்த பையை ஃபிரிட்ஜில் வையுங்கள், கீழ்த்தட்டில், குழாய் அடியில் இருக்கும்படி. குளிரில் எல்லாக் கெடுதலும் மெதுவாகத்தான் நடக்கும். சிவப்பு வைனை அவ்வளவு குளிராகக் குடிக்க முடியாது. ஆகவே சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன் வேண்டிய அளவை ஒரு கண்ணாடி ஜக்கில் பிடித்து மேசையில் வையுங்கள். குளிரும் இறங்கும், கொஞ்சம் காற்றுப் பட்டு மணமும் விரியும். ஒரு மணி நேரக் காற்று வைனுக்கு நல்லது, ஒரு மாதக் காற்றுத்தான் ஆகாது. ஜக்கில் பார்க்கவும் வடிவாக இருக்கும். பாக்கோ நுவார் ஆட்டிறைச்சிக் கறியோடு நல்லாப் பொருந்தும், புளிப்பு கொழுப்பை வெட்டும். ஜக்கில் மிஞ்சினதைத் திரும்பப் பைக்குள் ஊற்ற நினைக்காதீர்கள். கறிக்கு ஊற்றுங்கள்.

ஒவ்வொரு தடவையும் எடுத்த பின் குழாய் வாயை ஒரு ஈரத் துணியால் துடையுங்கள். அங்கே நிற்கிற கடைசிச் சொட்டுத்தான் ஈக்குப் பந்தி.

மிசிசாகா மல்லிகை:

இன்று காலை நிரப்பி முடித்தோம். குலுக்கிப் பார்த்ததில் சின்னதாக ஒரு புஸ் இருந்தது, மூன்று நாள் மாடியில் வைத்துக் கிண்டிய பிறகு சத்தமே இல்லை. நான் அமுக்க, அவர் இடது கையால் குழாயை அழுத்தினார். முதல் பையில் பயந்து சீக்கிரமே மூடிவிட்டோம். தூக்கிப் பார்த்தால் மூலையில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் காற்றுக் குமிழி. குழாயைக் கழற்றி மறுபடி அமுக்கினேன். இந்தத் தடவை ஒயின் விளிம்பில் ஏறி, பளபளவென்று நின்று, என் புடவையிலும் கொஞ்சம் வழிந்தது. அடுத்த மூன்றும் ஒரே தடவையில் சரியாக வந்தன.

நாலு பெட்டியிலும் தேதி எழுதி மாடிப்படிக்குக் கீழே அடுக்கியாயிற்று. மிஞ்சிய இரண்டு பாட்டிலில் ஒன்று கொழுந்தனாருக்கு, இன்னொன்று இன்றைக்கு ராத்திரி எங்களுக்கு.